விண்ணின் கண்ணும் மலையின் மழையும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் செயற்கைக்கோள்களைப் பற்றிய உரைக்கு என்ன இடம் என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்குரிய விடை கல்வராயன் மலையிலேயே இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இம்மலை கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களுக்கிடையே எழுந்து நிற்கிறது. கோமுகியும் மணிமுக்தாவும் இதன் மடியில் பிறக்கின்றன. கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கிய கோமுகியின் நீர் வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது மணிமுக்தாவோடும் பின்னர் வெள்ளாற்றோடும் கலந்து பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலை அடைகிறது. கடலில் எழுந்த நீராவி மலைமேல் மழையாகி, ஆறாகி, மீண்டும் கடல் சேரும் இச்சுழற்சியைச் சங்கப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். முல்லைப்பாட்டு தொடங்குவதே கடல்நீரைப் பருகி மலையேறிய மேகத்தோடுதான்.

அதே சுழற்சியின் ஒவ்வொரு படியையும் அளப்பதற்கு இன்று விண்ணில் கருவிகள் சுற்றி வருகின்றன. கடலின் வெப்பம், கடல்மேல் வீசும் காற்று, காற்றிலுள்ள ஈரம், மேகம், மழை, மண்ணின் நனைவு, நிலத்தடி நீர் என்று படிதோறும் தனித்தனிக் கருவிகள் உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார் என்று நிலத்தையும் காலத்தையும் பிணைத்து வைத்தது. அப்பிணைப்பு இன்று நெகிழ்கின்றதா, நெகிழ்கின்றதாயின் எவ்வளவு என்று காண்பதே தட்பவெப்ப ஆய்வுக்கோள்களின் பணி. ஆகவே இது விஞ்ஞானிகளுக்கு மட்டுமே உரிய பொருளன்று. திணையின் வழிவந்த கவிஞர்களுக்கும் உரியது.

வானிலையைக் காண்பதற்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள் அமெரிக்காவின் டைராஸ்-1. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அது ஏவப்பட்டது. மேகக் கூட்டங்களை மேலிருந்து மனிதன் தொடர்ந்து பார்த்தது அதன் பிறகுதான். இந்தியா 1979ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் சோவியத் நாட்டின் ஏவுகணை மூலம் பாஸ்கரா-1 கோளை அனுப்பியது. அதிலிருந்த நுண்ணலைக் கருவி கடற்பரப்பையும் அதன் மேலுள்ள நீராவியையும் ஆராய்ந்தது. 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி, இந்தியப் பெருங்கடலின் மேகப் படங்களை இந்திய வானிலைத் துறைக்கு நாள்தோறும் வழங்கியது. 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஓஷன்சாட்-1 எழுந்தது. கடலாய்வையே முதன்மை நோக்கமாகக் கொண்ட இந்தியக் கோள் அது. 2009இல் ஓஷன்சாட்-2, 2022இல் ஓஷன்சாட்-3 என்று அவ்வரிசை தொடர்ந்தது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, அரைமணிக்கு ஒருமுறை இந்தியாவையும் சூழ்ந்த கடலையும் படமெடுக்கும் இன்சாட்-3டிஆர் 2016இலும், இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரியிலும் ஏவப்பட்டன.

இவை பார்க்கும் விதம் வியப்புக்குரியது. கடல்மேல் வீசும் காற்றை எந்தக் கோளும் நேரே காண்பதில்லை. காற்று வீசும்போது கடற்பரப்பில் சிற்றலைகள் எழுகின்றன. கோளிலிருந்து அனுப்பப்படும் ரேடார் அலை அச்சிற்றலைகளில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. திரும்பிய அலையின் வலிமையை வெவ்வேறு கோணங்களில் அளந்து, காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கின்றனர். ஓஷன்சாட்-2இலும் ஓஷன்சாட்-3இலும் அமைந்த கருவி இத்தகையதே. கடல்மட்டத்தை அளப்பதற்கும் ரேடார் அலையே துணை. கீழே சென்று திரும்ப அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு, கோளுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொலைவு சில சென்டிமீட்டர் நுட்பத்தில் அறியப்படுகிறது. அமெரிக்காவும் பிரான்சும் 1992இல் அனுப்பிய டோபெக்ஸ்-பொசைடன் தொடங்கி, இந்தியாவும் பிரான்சும் 2013இல் அனுப்பிய சரள் உள்ளிட்ட பல கோள்கள் இப்பணியைச் செய்துள்ளன. 1993க்குப் பின் உலகக் கடல்மட்டம் சராசரியாக 10 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருப்பதைக் காட்டியவை இவ்வளவீடுகளே.

வெப்பமண்டலத்து மழைக்கென்றே ஒரு கோள் அனுப்பப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் கூடி அமைத்த மேகா-டிராபிக்ஸ் 2011 அக்டோபர் 12 அன்று ஏவப்பட்டது. பிற கோள்கள் பல துருவத்துக்குத் துருவம் சுற்ற, இது நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை மட்டுமே சாய்ந்து சுற்றியது. ஆதலின் கள்ளக்குறிச்சி அடங்கிய வெப்பமண்டலப் பட்டையை ஒரே நாளில் பலமுறை கடந்து சென்றது. அதிலிருந்த மழையாய்வுக் கருவியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் சொல் ‘மெட்ராஸ்’. சென்னையின் பழம்பெயரைத் தாங்கி மழையைத் தேடிய அக்கருவி 2013இல் பழுதுற்றது. எனினும் காற்றின் ஈரத்தை அளக்கும் மற்றொரு கருவி நெடுநாள் உழைத்தது. பணி முடிந்த கோளை 2023 மார்ச் 7 அன்று பசிபிக் பெருங்கடலின் மேல் கட்டுப்பாட்டோடு இறக்கி எரியச் செய்தனர்.

ரேடார் கோள்களைப் பற்றிப் பேசுமிடத்து ஒரு தமிழ்ப் பெண்மணியை நினையாதிருத்தல் இயலாது. மேகத்தையும் இருளையும் ஊடுருவி நிலத்தைக் காணும் ரிசாட்-1 என்னும் கோள் 2012 ஏப்ரல் 26 அன்று ஏவப்பட்டது. அதன் திட்ட இயக்குநராக விளங்கியவர் வளர்மதி. வெள்ளாற்றுக்குத் தெற்கே உள்ள அரியலூர் மண்ணில் பிறந்தவர். மழைக்கால மேகத்தின் கீழ் மறைந்து கிடக்கும் வெள்ளத்தையும் நெல்வயலையும் படம்பிடிக்க வல்லது அத்தகைய கோள்.  2025 ஜூலை 30 அன்று இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாக அனுப்பிய நிசார், இரண்டு வகை ரேடார் அலைகளைக் கொண்டு 12 நாளுக்கொருமுறை உலகின் நிலப்பரப்பைக் காண்பதற்கென அமைக்கப்பட்டது.

இத்துணைக் கண்கள் மேலே இருக்க, கீழே நிற்பவர் பார்ப்பதற்கு இனி என்ன உண்டு? இவ்வினாவே இவ்வுரையின் நடுப்பொருள். இதற்கு விடை காண 2024ஆம் ஆண்டின் இறுதியில் வந்த புயலை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஃபெஞ்சல் எனப் பெயரிடப்பட்ட அப்புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வங்கக் கடலில் அது உருவாகுமுன்பே வானிலையாளர் அதனைத் தொடர்ந்து கண்காணித்தனர். கடலின் வெப்பமும் காற்றின் சுழற்சியும் மேகத்தின் திரட்சியும் கோள்களின் வழியே தெரிந்தவண்ணம் இருந்தன. கரையேறிய புயல் விரைந்து செல்லாமல் புதுச்சேரி அருகே பல மணி நேரம் அசையாது நின்றது. பின்னர் மெல்ல மேற்கே நகர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த நாள், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் மேற்கே கிடக்கும் ஊத்தங்கரையிலும் ஏறத்தாழ அதே அளவு பெய்தது. ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் 40,000 லிட்டர் நீர். அதனை 50ஆல் பெருக்கினால் ஓர் ஏக்கரில் மட்டும் 20 லட்சம் லிட்டர். அப்பெருநீர் தென்பெண்ணையில் திரண்டு சாத்தனூர் அணையை அடைந்தது. டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. திருக்கோவலூரைக் கடந்து கடலூர் வரை ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின.

புயல் வருகிறது என்பதை விண்ணின் கண் கண்டது. எந்தக் கரையை நெருங்குகிறது என்பதையும் கண்டது. ஆனால் ஊத்தங்கரையில் விழுந்தது 50 சென்டிமீட்டர் என்று சொன்னது எது? தரையில் வைக்கப்பட்ட ஒரு மழைமானி. அதன் வாய் ஒரு சாண் அகலங்கூட இராது. காலை 8.30 மணிக்கு எடுக்கப்படும் அக்கணக்கே ஒரு நாளின் மழைக்கு இந்தியா முழுவதும் சான்று.

செயற்கைக்கோள் மழையைக் காண்பதில்லை. மழையின் அடையாளங்களைக் காண்கிறது என்பதே இதற்குக் காரணம். அகச்சிவப்புக் கருவி மேகத்தின் உச்சியில் உள்ள வெப்பநிலையை அளக்கிறது. உச்சி மிகக் குளிர்ந்திருந்தால் மேகம் மிக உயர்ந்தது, ஆகவே மழை மிகுதி என்று கணிக்கிறது. சமவெளியில் இடியோடு பெய்யும் பெருமழைக்கு இது பெரும்பாலும் பொருந்தும். மலையிலோ நிலைமை வேறு. ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறும்போது உருவாகும் மேகம் பல வேளைகளில் தாழ்ந்தே இருக்கும். அதன் உச்சி அத்துணைக் குளிர்ந்திராது. ஆயினும் மணிக்கணக்கில் மழை பெய்துகொண்டே இருக்கும். மேலிருந்து பார்க்கும் கருவி அதனைச் சிறுமழை என்றோ, மழையே இல்லை என்றோ கணக்கிட்டுவிடக்கூடும். மாறாக, வெகு உயரத்தில் மெல்லிய பனித்துகள் மேகம் படர்ந்து ஒரு துளியும் பெய்யாத நாளில் மழை என்று மயங்கவும் கூடும்.

நுண்ணலைக் கருவி இதனினும் நுட்பமானது. கடலின்மேல் அது நன்கு செயற்படுகிறது. ஏனெனில் நுண்ணலையில் கடல் மங்கலான பின்புலம், மழைத்துளி அதன்மேல் தெளிவாகத் தோன்றும். நிலமோ தானே மிகுதியாக நுண்ணலையை வெளியிடுவதால் துளி அதில் மறைந்துபோகிறது. அங்கே மேகத்தின் மேற்பகுதியில் உள்ள பனிக்கட்டித் துகள்களைக் கொண்டே மழையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. தாழ்ந்த மலைமேகத்தில் அத்துகள் குறைவு. இனி ரேடார். அமெரிக்காவும் ஜப்பானும் 1997இல் அனுப்பிய டிஆர்எம்எம் கோளில்தான் விண்ணிலிருந்து மழையை அளக்கும் முதல் ரேடார் இருந்தது. 2014 முதல் ஜிபிஎம் கோள் அப்பணியைத் தொடர்ந்தது. அந்த ரேடாருக்கும் மலைநிலம் இடர்ப்பாடே. மலைச் சரிவிலிருந்து எதிரொலிக்கும் அலை, தரையை ஒட்டிய மழையின் எதிரொலியை மூடிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. உலகெங்கும் பயன்படும் செயற்கைக்கோள் மழைக்கணக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் கொண்ட கட்டங்களாகத் தரப்படுகிறது. கல்வராயன் மலையில் அத்தகைய ஒரு கட்டத்துக்குள் உச்சியும் பள்ளத்தாக்கும், காற்றெதிர்ச் சரிவும் மழைமறைவுச் சரிவும் ஒருங்கே அடங்கிவிடும். ஒரு சரிவில் ஓடை நிரம்பி வழிய, மறு சரிவில் சாமைக் கதிர் வாடி நிற்கலாம். கட்டத்துக்குரிய எண்ணோ ஒன்றே.

இக்குறையை விஞ்ஞானிகள் மறைப்பதில்லை. கோள் தரும் மதிப்பீடுகள் தரையிலுள்ள மழைமானிகளின் மாதக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட பின்னரே ஆராய்ச்சிக்குரிய இறுதிக் கணக்காக வெளிவருகின்றன. இந்திய வானிலைத் துறையும் மழைமானிக் கணக்கையும் கோளின் கணக்கையும் இணைத்தே மழை வரைபடம் தருகிறது. மழைமானி அடர்ந்த இடத்தில் திருத்தம் நன்றாக அமையும். அருகிய இடத்தில் பிழை அப்படியே நிற்கும். சமவெளியில் மானி வைப்பது எளிது, மலையூர்களில் அரிது. ஆகவே எங்கே கண் மங்குகிறதோ, அங்கேதான் கைகொடுப்பாரும் குறைவு. கோமுகி அணைக்குக் கீழே குடியிருப்பவருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. மலைமேல் எவ்வளவு பெய்தது என்று உரிய நேரத்தில் தெரிவதைப் பொறுத்தே கீழே உள்ளோர் விழித்துக்கொள்ளும் நேரம் அமைகிறது.

நிலத்தடி நீருக்கும் இதே கதைதான். 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைக் கோள்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் சுற்றின. கீழே நீர் மிகுந்த இடத்தில் ஈர்ப்பு சற்றே கூடும். அப்போது இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு நுண்ணிய அளவில் மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு நிலத்துள் நீர் குறைந்ததா, கூடியதா என்று கண்டனர். இராஜஸ்தான், பஞ்சாப், அரியானா பகுதிகளில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2018இல் இதன் வழித்தோன்றலும் ஏவப்பட்டது. ஆனால் இக்கோள்களின் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ளது. கள்ளக்குறிச்சியில் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் நீரிறைக்கும் ஒரு கிணற்றின் மட்டம் அதற்குத் தெரியாது. அது கிணற்றுக்குடையவருக்குத் தெரியும். அவர் எழுதி வைத்தால் உலகுக்கும் தெரியும்.

கவிஞர்கள் எண்ண வேண்டிய இடம் இதுவே. தாவரங்களைக் கோள்கள் பார்க்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். பச்சிலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி வீசுகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டிலிருந்து பசுமைக்கு ஓர் எண் கணிக்கப்படுகிறது. 1972இல் முதல் லேண்ட்சாட் ஏவப்பட்டது முதல் உலகின் காடுகள் இவ்வாறு அளக்கப்பட்டு வருகின்றன. காடு குறைந்ததையும் வறட்சி பரவியதையும் அவ்வெண் சரியாகவே காட்டும். ஆனால் வெள்ளிமலைச் சாலையோரத்துக் கடுக்காய் மரமும் புளியமரமும் அதற்குப் பசுமையின் இரு அளவுகளே. அவற்றுக்குப் பெயர் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைத் தனித்தனிப் பெயர் சொல்லி அடுக்கியவர் கபிலர். அவர் பெயர் தாங்கிய கபிலக்கல் திருக்கோவலூரில் தென்பெண்ணையின் நடுவே நிற்கிறது. 2024இன் பெருவெள்ளம் அக்கல்லைச் சூழ்ந்துதான் ஓடியது. மலையைத் தொண்ணூற்றொன்பது பெயர்களால் கண்ட கண்ணும், ஓர் எண்ணால் காணும் கண்ணும் பகையல்ல. முன்னது இன்றி, பின்னது தான் கண்டது இன்னதென்று சொல்ல இயலாது.

பெயர் ஒன்று, நினைவு மற்றொன்று. டைராஸிலிருந்து கணக்கிட்டாலும் செயற்கைக்கோளின் நினைவு 1960க்கு முன் செல்லாது. தட்பவெப்பம் மாறியதா என்று காண நூற்றாண்டுகளின் சான்று தேவை. அச்சான்றைச் சில நாடுகளில் இலக்கியமே தந்துள்ளது. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரிப் பூக்கள் முழுமையாக மலர்ந்த நாள், 9ஆம் நூற்றாண்டு தொடங்கி அரசவை நாட்குறிப்புகளிலும் செய்யுட்களிலும் இடையிடையே குறிக்கப்பட்டுள்ளது. அவற்றைத் தொகுத்த ஆய்வாளர், ஆயிரத்திருநூறு ஆண்டுகளின் இளவேனில் வெப்பநிலையை அவற்றிலிருந்து கணித்தனர். 2021இல் மார்ச் 26ஆம் நாளே பூக்கள் முழுமையாக மலர்ந்தன. அந்நீண்ட பதிவில் அதற்கு முன் அவ்வளவு முன்னதாக மலர்ந்த ஆண்டு இல்லை. பூவை வியந்து எழுதிய எவரும் தாம் தட்பவெப்ப ஆய்வுக்குச் சான்று எழுதுவதாக எண்ணியிருக்க மாட்டார். நாளைக் குறித்தார், அது போதுமானதாயிற்று.

தமிழ்ச் செய்யுளில் பூ உண்டு, மழை உண்டு, நிலம் உண்டு, நாள் இல்லை. சங்கப் பாடலில் கார் வந்தது என்று அறிகிறோமேயன்றி, எந்த ஆண்டின் கார் என்று அறிய வழியில்லை. கல்வெட்டு இதற்கு மாறானது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் கபிலரைக் குறிப்பிடும் கல்வெட்டு முதலாம் இராசராசனின் காலத்தது என்று அறிய முடிகிறது. கல்வெட்டுகள் ஆட்சியாண்டு இட்டே பொறிக்கப்பட்டன. புலவனின் கூர்மையும் கல்தச்சனின் நாட்குறிப்பும் ஒன்றுசேர்ந்திருந்தால் தமிழகத்து மழையின் ஈராயிரமாண்டு வரலாறு கையில் இருந்திருக்கும். அவ்விரண்டையும் சேர்க்கும் காலம் இன்னும் கழிந்துவிடவில்லை.

இத்தகைய வட்டங்கள் செய்யத்தக்கது அரிய செயலன்று. மழைமானி ஒன்றின் விலை ஒரு கவிதை நூலை அச்சிடும் செலவினும் குறைவு. மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றிலும் மலைமேலுள்ள பள்ளி ஒன்றிலும் அதனை நிறுத்தி, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மாணவர் அளந்து எழுதினால், சில ஆண்டுகளில் எந்தக் கோளாலும் தர இயலாத ஓர் ஏடு உருவாகும். ஓர் உழவுக்குப் போதுமான மழை, இரண்டு உழவுக்குப் போதுமான மழை என்று உழவர் மண்ணின் நனைவைக் கொண்டு அளந்த அளவையும் அருகில் குறிக்கலாம். மானியின் எண்ணுக்கும் மண்ணின் ஈரத்துக்கும் உள்ள உறவு அதில் விளங்கும். சாமை விதைத்த நாள், கடுக்காய் பூத்த நாள், கோமுகியில் முதல் வெள்ளம் வந்த நாள் ஆகியவற்றை மலைவாழ் மக்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லாலேயே பதிய வேண்டும். தூறல், சாரல், அடைமழை என்று சமவெளி அறிந்த சொற்களுக்கு அப்பாலும் மலைக்கென்று சொற்கள் இருக்கும். அவற்றைத் திரட்டுவது விஞ்ஞானியின் வேலையன்று, கவிஞனின் வேலை. கவிதை எழுதும்போதும் அடியில் ஊரையும் நாளையும் குறிக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். கவிதைக்கு அதனால் குறைவொன்றும் நேராது.

வரும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலில் மேகம் திரளும். விண்ணின் கண்கள் அதனைக் கண்டு சொல்லும். அம்மேகம் கல்வராயன் மலையில் மோதி எவ்வூரில் எத்துணை பெய்தது, எவ்வோடை பெருகியது, எப்பூ அம்மழைக்குப் பின் மலர்ந்தது என்பதை மலையின் கீழும் மேலும் வாழ்வோரே சொல்ல வேண்டும். பத்தாண்டுகள் சொல்லைப் பேணிய வட்டம் இனிவரும் பத்தாண்டுகளில் மழைக்கும் ஓர் ஏட்டைத் திறக்குமாயின், இருபதாம் ஆண்டு மலரில் கவிதைகளுக்குப் பக்கத்தில் ஒரு மழைக்கணக்கும் அச்சாகும். அப்பக்கத்தைப் புலவரும் படிப்பர், விஞ்ஞானியும் படிப்பர், கோமுகிக் கரையில் குடியிருப்போரும் படிப்பர்.